ஆண்டி குரோவ் போட்ட கிராஃப்: புராஸ்டேட் புற்றுநோயில் ஒரு முடிவெடுத்த கதை

மீட்டிங் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செயலாளரின் முகம் தெரிந்தது. பார்த்ததுமே குரோவுக்குப் புரிந்துவிட்டது, காத்திருந்த ஃபோன் வந்திருக்கிறது. எழுந்து தன் அறைக்கு ஓடினார். மறுமுனையில் இருந்த யூராலஜி டாக்டர், அதாவது சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்ப்பவர், சுற்றி வளைக்கவில்லை. கட்டி இருக்கிறது, பெரும்பாலும் வலது பக்கம், இடது பக்கம் துளியளவு. ஓரளவு வேகமாக வளரும் ரகம். வெளியே பரவியிருக்க வாய்ப்பு குறைவு. தொண்டைப் புண்ணுக்கு எடுத்த டெஸ்ட் ரிசல்ட்டைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகப் பேச்சு முடிந்தது.

1995ஆம் ஆண்டு அது. ஆண்டி குரோவுக்கு 58 வயது, கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி. புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹங்கேரிப் புரட்சி நசுக்கப்பட்டபோது இருபது வயதில் எல்லை தாண்டித் தப்பி வந்து, அமெரிக்காவில் வேதிப்பொறியியல் படித்து, பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். இந்தப் பின்னணி கதைக்குத் தேவை. அவர் நோயாளியாக நடந்துகொண்ட விதம் பொறியாளர் ஒருவர் பழுதான மெஷினைப் பிரித்துப் பார்த்த விதம்தான்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சின்னச் சுரப்பி. அதில் வரும் புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சை என்று முடிவெடுப்பதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இவர்தான். காரணம், மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். 1996 மே மாத ஃபார்ச்சூன் இதழின் அட்டைப்படக் கட்டுரை அது. பெரிய கம்பெனித் தலைவர் ஒருவர் தன் அடிவயிற்று நோயைப் பற்றி, சிறுநீர் கட்டுப்பாட்டையும் விறைப்பையும் பற்றியெல்லாம் ஊரறிய எழுதியது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல. நம்மிடையே இன்றும் பலர் இதை "அந்தப் பிரச்சினை" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஐந்து என்ற எண்

ஃபோன் வருவதற்குப் பல மாதம் முன்னால், 1994 இலையுதிர் காலத்தில் கதை தொடங்குகிறது. குரோவின் பழைய குடும்ப டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புது டாக்டர் வழக்கம்போல முழுப் பரிசோதனை செய்து, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொன்னார். ரிசல்ட் 5. நார்மல் என்று அச்சடித்திருந்தது 0 முதல் 4 வரை. கொஞ்சம்தான் அதிகம், எதற்கும் ஒரு யூராலஜிஸ்டைப் பாருங்கள் என்றார்கள்.

பி.எஸ்.ஏ.வைத் தயாரிப்பது புராஸ்டேட் சுரப்பி. விந்தை நீர்க்கவைப்பது அதன் வேலை. அதில் சிறிதளவு ரத்தத்தில் கசியும். புற்றுநோய் வந்தால் கசிவு கூடும், உண்மைதான். வயதானால் இயல்பாக வரும் புராஸ்டேட் வீக்கத்திலும் கூடும், நோய்த்தொற்று வந்தாலும் கூடும், சிறுநீர் அடைத்து டியூப் போட்டாலும் கூடும். ஆகவே 5 என்ற எண் புற்றுநோய் இருக்கிறது என்று சொல்வதில்லை, போய்ப் பார் என்று மட்டும்தான் சொல்கிறது. இந்த அளவில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பயாப்ஸியில், அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதில், எதுவும் கிடைப்பதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: 2004இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 4க்கும் கீழே பி.எஸ்.ஏ. இருந்த ஆண்களுக்குப் பயாப்ஸி செய்தபோது சுமார் 15 சதவீதம் பேரிடம் புற்றுநோய் கிடைத்தது. 4 என்பது சுவரல்ல, தரையில் இழுத்த சாக்பீஸ் கோடு.

பி.எஸ்.ஏ. சோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் முதலில் அனுமதி கொடுத்தது 1986இல், அதுவும் ஏற்கெனவே நோய் இருப்பவரைக் கண்காணிக்க மட்டும். நோயைக் கண்டறியவும் உதவியாகப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி வந்தது 1994இல், குரோவுக்கு 5 என்று வந்த அதே ஆண்டில். அந்த இலையுதிர் காலத்தில்தான் பென்டியம் சிப் தப்பாக வகுக்கிறது என்ற செய்தியும் வெடித்தது. பழைய சிப்களை மாற்றிக்கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. சிப்பில் ஒரு எண் தப்பு, ரத்தத்தில் ஒரு எண் அதிகம், இரண்டும் ஒரே பருவத்தில்.

சரி, எண் வந்தது. அடுத்து என்ன செய்தார்? கொஞ்ச நாள் ஒத்திப்போட்டார். அப்புறம் கம்ப்யூசர்வ் என்ற அந்தக் கால ஆன்லைன் சேவையில் போய், புராஸ்டேட் நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் படித்தார். படிக்கப் படிக்கத் தான் நினைத்ததைவிட இது தீவிரமான சமாச்சாரம் என்று உறைத்தது. மறுபடியும் ரத்தம் கொடுத்தார். இந்தமுறை ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தை இரண்டு வெவ்வேறு லேபுகளுக்கு அனுப்பினார். ஒன்றில் 6.0, இன்னொன்றில் 6.1.

இந்த ஒரு செயலுக்காகவே இவரை எனக்குப் பிடிக்கும். முதல் ரிசல்ட் லேபின் பிழையா, உடம்பின் செய்தியா என்ற சந்தேகத்தை அழுது தீர்க்காமல் அளந்து தீர்த்தார். இரண்டு லேபும் ஒத்துப்போகின்றன, எனவே கருவியில் கோளாறில்லை. 5 ஆக இருந்தது 6 ஆகியிருக்கிறது. நம்மில் பலர் லேபை மாற்றுவது ரிசல்ட் பிடிக்காதபோதுதான், அதுவும் பழைய ரிப்போர்ட்டைப் புது டாக்டரிடம் காட்டாமல்.

பிறகு பயாப்ஸி. ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் குழலைச் செலுத்தி, அதன் வழியே ஸ்பிரிங் வைத்த ஊசியால் சுரப்பியின் சதையை இழையிழையாக எடுப்பார்கள். ஒவ்வொரு இழைக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், ஸ்டேப்ளர் அடிப்பதுபோல. அந்தக் காலத்தில் ஆறு இடங்களில் எடுப்பது வழக்கம், இப்போது பன்னிரண்டு வரை. எடுத்த இழையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, செல்கள் எவ்வளவு ஒழுங்கு கெட்டிருக்கின்றன என்று மதிப்பெண் போடுவார்கள். டொனால்ட் கிளீசன் என்ற நோயியல் மருத்துவர் 1966இல் வகுத்த முறை இது. அதிகம் தென்படும் வகைக்கு ஒரு மதிப்பெண், அடுத்ததற்கு ஒன்று, இரண்டையும் கூட்டினால் கிளீசன் ஸ்கோர். இன்று நடைமுறையில் 6 என்றால் மந்தமானது, 7 நடுத்தரம், 8 முதல் 10 வரை ஆபத்தானது. ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் முதலில் பார்க்கவேண்டியது இந்த எண்ணைத்தான், "புற்றுநோய்" என்ற சொல்லை அல்ல. ஆனால் யாருடைய கண்ணும் அந்தச் சொல்லைத் தாண்டிப் போவதில்லை. குரோவின் கட்டி நடுத்தரப் பக்கம் சாய்ந்தது.

ஒவ்வொருவர் கடையிலும் ஒரு சரக்கு

1995இல் அவர் முன்னால் இருந்த வழிகள் இவை. சுரப்பியையே வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை முதலாவது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ் 1982இல் விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்றிச் செய்யும் முறையைக் கண்டபிறகு இதற்குத் தனி மவுசு வந்திருந்தது. அடுத்தது வெளியிலிருந்து பல வாரம் கொடுக்கும் கதிர்வீச்சு. மூன்றாவது, கதிரியக்க விதைகளைச் சுரப்பிக்குள் ஊன்றிவிடுவது. அரிசிமணி அளவு விதைகள், உள்ளேயே தங்கிவிடும். டென்மார்க்கில் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதலோடு பிறந்த இந்த முறையை 1980களின் நடுவில் அமெரிக்காவில் வேரூன்றச் செய்தது சியாட்டில் நகரம். அதே குடும்பத்தில் இன்னொரு முறை: விதையை உள்ளே விடாமல், வெற்று ஊசிகளைக் குத்திவைத்து, அவற்றின் வழியே இரிடியம் என்ற சக்திவாய்ந்த கதிரியக்க உலோகத்தைச் சில நிமிடம் அனுப்பி, வெளியே இழுத்துவிடுவது. இவை தவிர உறையவைத்துக் கட்டியை அழிக்கும் கிரையோ முறை, ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்துகள். கடைசியாக ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பது. இது அன்று பெரும்பாலும் எழுபது கடந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட வழி.

குரோவ் ஒவ்வொரு முறையையும் செய்யும் டாக்டர்களைப் பார்த்தார். அந்தச் சிகிச்சைகளைச் செய்துகொண்ட ஆண்களிடமும் பேசினார். சில சந்திப்புகளிலேயே ஒரு விஷயம் பிடிபட்டது. வெட்டுபவர் வெட்டச் சொல்கிறார். கதிர் கொடுப்பவர் கதிரைச் சொல்கிறார். உறையவைப்பவர் உறையவைக்கச் சொல்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தன் சிகிச்சையின் ரிசல்ட்டை நேர்மையாகக் காட்டுகிறார்கள். பக்கத்து அறைக்காரரின் ரிசல்ட்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னால்தான் ஆளில்லை.

எனவே ஒப்பிடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். மருத்துவ இதழ்களில் வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்து, பகலில் ஆபீஸ், இரவில் படிப்பு. ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும், சிகிச்சைக்குப் பின் எத்தனை ஆண்டில் எத்தனை பேருக்குப் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது என்ற எண்களைப் பிடுங்கி, ஒரே கிராஃபில் வரைந்தார். சிப் தொழிற்சாலையில் எந்த மெஷின் எவ்வளவு பழுது தருகிறது என்று பார்ப்பார்களே, அதே பார்வை. இந்தப் படத்தை அவருக்கு முன்னால் யாரும் ஒரே தாளில் வரைந்து கொடுக்கவில்லை என்பதுதான் அவருக்கு வந்த கோபம். அந்தக் கோபம் கட்டுரை முழுக்க ஓடுகிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கிராஃபைப் பார்த்தபோது அவருடைய நிலைமையில் இருப்பவருக்கு அறுவை சிகிச்சை நினைத்த அளவு உறுதியானதாகத் தெரியவில்லை. வெட்டி எடுத்த பிறகும் கணிசமானவர்களுக்குப் பி.எஸ்.ஏ. திரும்பி வந்திருந்தது. ஊசி வழிக் கதிர்வீச்சையும் வெளிக் கதிர்வீச்சையும் சேர்த்துச் செய்தவர்களின் கோடு நன்றாக இருந்தது. அனுபவம் குறைவான ஆண்டுகளுடையதாக இருந்தாலும் அதன் மேல் பந்தயம் கட்டினார். பந்தயம் என்ற சொல் பொருத்தமானதுதான். யாரிடமும் முழு ஆதாரம் இல்லாத இடத்தில் வேறு எதைச் செய்யமுடியும்?

சியாட்டிலுக்குப் போனார். மயக்கம் கொடுத்து, கால்களை உயர்த்திவைத்து, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியே வெற்று ஊசிகளைச் சுரப்பிக்குள் நிறுத்துகிறார்கள். எங்கே எவ்வளவு நேரம் கதிர் நிற்கவேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. எல்லாரும் அறையை விட்டு வெளியேறுகிறார்கள். ஒயரின் நுனியில் இருக்கும் இரிடியம் துணுக்கு ஒவ்வோர் ஊசியாக உள்ளே போய், நின்று, திரும்புகிறது. சில தவணைகள் முடிந்ததும் ஊசிகளை உருவிவிடுகிறார்கள். உடம்புக்குள் எதுவும் மிச்சமில்லை. குரோவ் சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். பிறகு சில வாரம் வெளிக் கதிர்வீச்சு, அதையும் வேலைக்கு நடுவிலேயே முடித்தார்.

சியாட்டில் போவதற்கு முன் நடந்த ஒரு பேச்சை இங்கே சொல்லியாகவேண்டும். இந்தச் சிகிச்சையைச் செய்யப்போகிற கதிர்வீச்சு டாக்டரிடமே அவர் கேட்டார்: எனக்கு வந்திருப்பது உங்களுக்கு வந்திருந்தால் என்ன செய்வீர்கள்? டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அநேகமாக அறுவை சிகிச்சைதான் செய்துகொள்வேன் என்றார். குரோவ் விடவில்லை, ஏன் என்று கேட்டார். படிக்கும் காலத்தில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவைதான் உரைகல் என்று எங்கள் மண்டையில் ஏற்றிவிட்டார்கள், அது இன்னும் என் யோசனையை ஆட்டிவைக்கிறது போலிருக்கிறது என்றார் அந்த டாக்டர்.

இப்படி ஒரு பதிலைச் சொல்ல நேர்மை வேண்டும். அதைக் கேட்டபிறகும் அதே டாக்டரிடம் அதே சிகிச்சைக்குப் படுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

இது ஒருவரின் தனிப்பட்ட தடுமாற்றம் அல்ல என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கருத்தாய்வு வந்தது. நூற்றுக்கணக்கான யூராலஜி டாக்டர்களிடமும் கதிர்வீச்சு டாக்டர்களிடமும் ஒரே மாதிரி நோயாளியைக் காட்டிக் கேட்டிருந்தார்கள். யூராலஜி டாக்டர்களில் 93 சதவீதம் பேர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். கதிர்வீச்சு டாக்டர்களில் 72 சதவீதம் பேர் அறுவையும் வெளிக் கதிர்வீச்சும் சமம் என்றார்கள். நோயாளி மாறவில்லை, கதவில் தொங்கும் பெயர்ப்பலகைதான் மாறியது.

கிராஃபில் விழுந்த ஓட்டை

குரோவின் உழைப்பை மெச்சுகிற அதே வாயால் அதன் ஓட்டையையும் சொல்லவேண்டும்.

அறுவைக்குப் போகிறவர் யார்? பெரும்பாலும் வயது குறைந்தவர், இதயம் திடமாக இருப்பவர், கட்டி சுரப்பிக்குள் அடங்கியிருப்பவர். கதிர்வீச்சுக்கு அனுப்பப்படுபவர் பல சமயம் மூத்தவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர். ஆக ஒரு கோடு உயரமாக இருந்தால் அது சிகிச்சையின் பெருமையா, ஆளைப் பொறுக்கியெடுத்ததன் பெருமையா? கிராஃபில் தெரியாது.

இன்னொரு சிக்கல் அளவுகோலிலேயே இருக்கிறது. சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டால் பி.எஸ்.ஏ. பூச்சியத்துக்கு வந்துவிடவேண்டும். 0.2 தாண்டினாலே நோய் திரும்பிவிட்டது என்பார்கள். கதிர்வீச்சில் சுரப்பி உள்ளேயே இருக்கிறது, பி.எஸ்.ஏ. ஓரிரு ஆண்டு எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கும். அங்கே இன்றைய கணக்கு, இறங்கிய அடிமட்டத்திலிருந்து 2 ஏறினால்தான் தோல்வி. ஒருவருக்குத் தோல்வி என்று எழுதப்படும் எண் இன்னொருவருக்கு வெற்றி. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் கதிர்வீச்சின் கோடு தானாகவே கொஞ்சம் அழகாகத் தெரியும். தவிர, பி.எஸ்.ஏ. ஏறுவது வேறு, நோயால் சாவது வேறு. நடுவில் பத்துப் பதினைந்து ஆண்டு இருக்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்க ஒரே வழி சீட்டுப் போடுவது. ஒரே மாதிரி நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு அறுவை, ஒரு கூட்டத்துக்குக் கதிர், ஒரு கூட்டத்துக்குக் கண்காணிப்பு என்று கொடுத்துப் பல ஆண்டு காத்திருப்பது. தன் உயிரைச் சீட்டில் போட யார் சம்மதிப்பார்கள்?

பிரிட்டனில் சம்மதித்தார்கள். புரோடெக்ட் என்ற ஆய்வு 1999இல் தொடங்கியது. 50 முதல் 69 வயது வரை உள்ள 82,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பி.எஸ்.ஏ. சோதனை செய்துகொண்டார்கள். நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தவர்களில் 1,643 பேர் குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் அது தள்ளாடியது. கேட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சம்மதித்தார்கள். ஜென்னி டோனோவன் என்ற சமூக ஆய்வாளரும் குழுவினரும் டாக்டர்களும் நோயாளிகளும் பேசியதை டேப்பில் பதிவு செய்து கேட்டார்கள். காரணம் ஒரு சொல்லில் கிடந்தது. "கவனமாகக் காத்திருத்தல்" என்று ஆங்கிலத்தில் வழங்கிய பெயரைக் கேட்ட நோயாளிகள், நான் சாவதை வேடிக்கை பார்ப்பார்கள் என்று புரிந்துகொண்டிருந்தார்கள். டாக்டர்களும் அறுவையையும் கதிரையும் விளக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் இதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். பெயரை "செயலூக்கக் கண்காணிப்பு" என்று மாற்றினார்கள். மூன்று வழிகளுக்கும் சமமான நேரம் கொடுக்கச் சொன்னார்கள். சம்மதித்தவர்களின் பங்கு சுமார் 70 சதவீதத்துக்கு ஏறியது. மருந்து மாறவில்லை, பேச்சு மாறியது. டாக்டர் அறையில் "ஒண்ணும் பண்ணாம விட்டுடலாமா?" என்று கேட்பதற்கும் "மாசக்கணக்குல டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டே இருக்கலாமா?" என்று கேட்பதற்கும் உள்ள தூரம் தமிழிலும் அதேதான்.

2023இல் பதினைந்தாண்டு ரிசல்ட் வந்தது. மூன்று கூட்டத்தையும் சேர்த்துப் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது 2.7 சதவீதம். இதையும் சேர்த்து எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் மேல். கூட்டம் வாரியாகப் பார்த்தால், கண்காணிப்பில் 3.1, அறுவையில் 2.2, கதிரில் 2.9 சதவீதம். வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு. உடம்பின் வேறு பாகங்களுக்கு நோய் பரவியதில் மட்டும் இடைவெளி தெரிந்தது: கண்காணிப்பில் 9.4, அறுவையில் 4.7, கதிரில் 5.0. கண்காணிப்பில் இருந்தவர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பிற்பாடு ஏதோ ஒரு கட்டத்தில் அறுவைக்கோ கதிருக்கோ போய்விட்டார்கள். நாலில் ஒருவர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே உயிரோடு இருந்தார்.

பக்கவிளைவுக் கணக்கு அவ்வளவு நெருக்கமாக இல்லை. இதை எண்ணாகச் சொன்னால்தான் ஏறும். ஆய்வு தொடங்கும்போது 67 சதவீதம் பேருக்கு உடலுறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. ஆறு மாதம் கழித்து அது கண்காணிப்பில் 52, கதிரில் 22, அறுவையில் 12 சதவீதம். கதிர்க் கூட்டம் ஓரளவு மீண்டது, அறுவைக் கூட்டம் கடைசிவரை பின்தங்கியது. சிறுநீர் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டவர்கள் ஆறு மாதத்தில் அறுவையில் 46 சதவீதம், கதிரில் 5, கண்காணிப்பில் 4. ஆறு ஆண்டில் அறுவையில் அது 17 ஆகக் குறைந்தது, கதிரில் 4, கண்காணிப்பில் 8. கதிருக்கு அதன் சொந்தத் தொல்லை உண்டு: மலத்தில் ரத்தம், அவசரமாக ஓடவேண்டிய வயிறு.

பேட் என்று எழுதிவிட்டேன். நடைமுறையில் அது என்ன? கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது மாற்றுப் பேட்டை எந்தப் பையில் வைப்பது என்று யோசிப்பது. பஸ்ஸில் தும்மல் வந்தால் பயப்படுவது. வெளிர் நிற வேட்டியை அலமாரியில் வைத்துவிட்டுக் கறுப்புப் பேன்ட் எடுப்பது. பெரும்பாலோருக்கு இது சில மாதத்தில் தீர்ந்துவிடும். தீராத சிலரில் நாம் இருப்போமா என்று முன்கூட்டித் தெரியாது. இதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேசவேண்டும். முன்சந்திப்பில் அவரை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிடும் வழக்கம் எனக்கு எப்போதும் புரிந்ததில்லை.

அப்படியானால் குரோவ் வெறுமனே காத்திருந்திருக்கலாமா? அவசரப்படவேண்டாம். புரோடெக்ட்டில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிளீசன் 6, மந்தமான கட்டிக்காரர்கள். குரோவுக்கு 58 வயது, கட்டி நடுத்தர வேகம், இருபக்கமும் இருக்கிறது, முன்னால் இருபது ஆண்டு வாழ்வு எதிர்பார்க்கலாம். அவரைப் போன்றவருக்கு இன்றும் பல டாக்டர்கள் கண்காணிப்பை எளிதில் சொல்லமாட்டார்கள். கிளீசன் 6 என்று ரிப்போர்ட் வந்த அறுபத்தைந்து வயதுக்காரருக்கு நிலைமை தலைகீழ். அவருக்கு இன்று முதலில் சொல்லவேண்டியதே கண்காணிப்புதான்.

குரோவ் கட்டிய பந்தயத்தைப் பற்றி மறைமுகமாக ஒரு விடை 2017இல் கனடாவிலிருந்து வந்தது. அசெண்ட்-ஆர்டி என்ற ஆய்வில் 398 ஆண்களைக் குலுக்கி, ஒரு பாதிக்கு முழுக்க வெளிக் கதிர், மறுபாதிக்கு வெளிக் கதிரோடு உள்ளே ஊன்றும் விதைகள் கொடுத்தார்கள். ஒன்பது ஆண்டில் பி.எஸ்.ஏ. ஏறாமல் இருந்தவர்கள் விதைக் கூட்டத்தில் 83 சதவீதம், வெளிக் கதிர் மட்டும் பெற்ற கூட்டத்தில் 62. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சேர்த்துத் தாக்குவது நல்லது என்று குரோவ் கிராஃபில் மோப்பம் பிடித்தது வீண் போகவில்லை. ஆனால் உயிர்வாழ்ந்த ஆண்டுகளில் இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. சிறுநீர்ப் பாதை சுருங்குவது போன்ற தொல்லைகள் விதைக் கூட்டத்தில்தான் அதிகம். இது தங்கிவிடும் விதை, குரோவுக்குச் செய்தது இழுத்துவிடும் இரிடியம். எனவே அப்படியே பொருத்திப் பார்க்கவும் முடியாது.

இன்று அதே 5

58 வயதில் பி.எஸ்.ஏ. 5 என்று இன்று ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்தால் வரிசையே வேறு. தொற்று ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம். அப்போதும் அதிகமாக இருந்தால் பயாப்ஸிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. பிரிட்டனில் 576 ஆண்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வு, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் நாலில் ஒருவருக்குப் பயாப்ஸியே தேவைப்படாமல் போகலாம் என்று காட்டியது. எம்.ஆர்.ஐ.யில் சந்தேகமான இடம் தெரிந்தால் அங்கேயே குறிவைத்து ஊசி போடலாம், குருட்டாம்போக்கில் குத்தவேண்டாம். ஊசியும் பல இடங்களில் ஆசனவாய் வழியாகப் போகாமல் தோல் வழியே போகிறது, தொற்று குறைகிறது. ஆபத்தான ரகம் என்றால் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். அறுவையைப் பெரும்பாலும் ரோபோ கையால் செய்கிறார்கள். வெளிக் கதிர்வீச்சு ஏழெட்டு வாரத்திலிருந்து நாலு வாரத்துக்கு வந்து, பொருத்தமானவர்களுக்கு ஐந்தே தவணையில் முடிகிறது.

நம்மூரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. முதுகு வலிக்கிறது, இடுப்பு எலும்பு வலிக்கிறது என்று போய், அப்புறம் எடுத்த பி.எஸ்.ஏ. நூறுகளில் நிற்கும். நோய் எலும்புக்குப் போய்விட்ட அவர்களுக்கு வெட்டுவதா, கதிரா என்ற இந்த விவாதம் பொருந்தாது. ஹார்மோனை அடக்கும் சிகிச்சையிலிருந்து அவர்களுடைய கதை தொடங்குகிறது, அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

சுரப்பிக்குள் அடங்கிய நோய் என்றால் அவகாசம் இருக்கிறது. குரோவ் பல மாதம் எடுத்துக்கொண்டார். மந்தமான, நடுத்தரமான கட்டிகளுக்குச் சில வாரம் யோசிப்பதால் பொதுவாக எதுவும் கெட்டுப்போவதில்லை. அடுத்த வாரமே அட்மிட் ஆகவேண்டும் என்று பில்லோடு தேதியையும் நீட்டினால், ஏன் அவசரம் என்று கேட்கலாம். யூராலஜி டாக்டரைப் பார்த்தவர் கதிர்வீச்சு டாக்டரையும் ஒருமுறை பார்க்கலாம். நாம்தான் இதில் கூச்சப்படுகிறோம். முதல் டாக்டர் என்ன நினைப்பாரோ என்று ஃபைலை மஞ்சள் பையில் ஒளித்து எடுத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது அபிப்பிராயம் கேட்கப்போகிறேன், ஸ்லைடு வேண்டும் என்று நேரடியாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பயாப்ஸி ஸ்லைடை இன்னொரு நோயியல் மருத்துவர் பார்த்தால் கிளீசன் மதிப்பெண் மாறுவதும் உண்டு. 6க்கும் 7க்கும் இடையில்தான் பல முடிவுகள் தொங்குகின்றன.

குரோவ் 1998வரை தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தார். 1997இல் டைம் இதழ் அவரை அந்த ஆண்டின் மனிதர் என்று அட்டையில் போட்டது. 2016 மார்ச் 21 அன்று 79 வயதில் இறந்தார், சிகிச்சைக்குப் பின் இருபது ஆண்டு கடந்து. அவர் தேர்ந்தெடுத்தது சரி என்பதற்கு இது சாட்சி ஆகாது. அறுவை செய்துகொண்டிருந்தாலும் அதே இருபது ஆண்டு கிடைத்திருக்கலாம். ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்கமுடியாது என்று அவரே முதலில் சொல்லியிருப்பார், ஒரே ஒரு சிப்பைச் சோதித்துவிட்டுத் தொழிற்சாலையைத் திறக்கிறவர் அல்ல அவர்.

2000ஆம் ஆண்டில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. மறுபடியும் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.